மகளின் வேனுக்கு இன்னொருவன் போட்ட கூரை

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் இந்த மலாய் நாட்டு மலைக்கு வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் முடிந்தன. அன்று காலை ஏழு மணிக்குப் பனி, பத்து மணிக்கு வெயில், இரண்டு மணிக்கு மழை. நான் தினமும் எழுதிவரும் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளை ஒட்டிக் கரூர் நண்பர்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. முதல் ஆண்டு குளிரைப் பற்றி எழுதினேன். அப்புறம் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பற்றி, தானா ராத்தாவில் கடை வைத்திருக்கும் நம் ஊர் முஸ்லிம்களின் பரோட்டாவைப் பற்றி, இப்படி. போன ஆண்டு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், “எல்லாம் சரி, உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே” என்று பதில் போட்டிருந்தார். அவருக்காக இந்த முறை என்னைப் பற்றி எழுதுகிறேன். படித்தபின், கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கக்கூடும்.

விஷயம் ஒரு வேனின் கூரை. என் மகள் கவிதாவின் வேன். அதன் கூரையை வெட்டி, மனிதர்கள் படுத்துத் தூங்குகிற மாதிரி மாற்றி அமைத்தவன் நான் இல்லை, இன்னொருவன். மூன்று மாதமாக அந்தக் கூரையை நினைக்காமல் நான் ஒரு வேளை சோறு தின்றதில்லை.

2

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் கை நிற்க மாட்டேன் என்கிறது. வெறும் அடிச்சட்டமும் இன்ஜினும் மட்டும் நெடுஞ்சாலையில் ஓடி வரும். ஓட்டுகிறவர் முண்டாசு கட்டிக்கொண்டு ஒரு பலகைமேல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னாலும் மேலேயும் ஒன்றுமே இருக்காது. சில வாரங்களில் அதே வண்டி கண்ணாடியும் சீட்டும் கூரையும் பூட்டிக்கொண்டு மணப்பெண் மாதிரி வெளியே போகும். நான் பதினேழு வயதில் பட்டறையில் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடமும் எனக்குக் கூரை வேலைதான்.

கூரையின் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இரண்டு பக்கமும் நிற்கிற தூண்கள். அந்தத் தூண்களின் தலைகளை நீளவாக்கில் சேர்க்கிற சட்டம். அந்தச் சட்டத்திலிருந்து எதிர்ச்சட்டத்துக்குப் போகிற குறுக்கு வளைவுகள். பஸ் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவது அந்த வளைவுகள்தான். மேலே அடிக்கிற தகடு மழைக்கும் வெயிலுக்கும். வேலை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் கூரைமேல் ஏறி நிற்போம். முதலாளி உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பார். வளைவு ஒரு நூல் இறங்கினாலும் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரிகளுக்குப் பாடி கட்ட ஆள் வேண்டும் என்று ஓர் ஏஜண்ட் சொல்லி வந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம். அந்த இரண்டு வருடத்துக்குள் சரோஜாவைக் கட்டிக்கொண்டேன். அவள் இங்கேயே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அடுத்து கவிதா பிறந்தாள். ஊருக்குத் திரும்புவது என்கிற பேச்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் எழும், பொங்கலுக்குள் அடங்கிவிடும்.

அவர்கள் இருவரிடமும் நீல நிற அடையாள அட்டை இருக்கிறது. என்னுடையது சிவப்பு. சிவப்பு என்றால் இங்கேயே தங்கலாம், இந்த ஊர்க்காரன் இல்லை என்று அர்த்தம். குடியுரிமை கேட்டு மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும் ஒரே வரியில் பதில் வந்தது. விண்ணப்பப் பாரங்களை நிரப்ப நான் திணறுவதைக் கவிதா சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறாள். பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு வரும் மலாய்க் கடிதங்களை அவள்தான் படித்துச் சொல்வாள். மகள் படித்துச் சொல்லித் தகப்பன் கேட்கும் வீடு எங்களுடையது. அதில் எனக்கு அப்போது வருத்தம் இல்லை. அவள் எனக்காகப் படிக்கிறாள் என்கிற பெருமை இருந்தது.

3

தைப்பூசம் முடிந்த இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கவிதா சொன்னாள்.

“ப்பா, வேன் எடுத்தாச்சு. பழைய ஜப்பான் வேன். கேம்பர் பண்ணப் போறோம்.”

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. பள்ளி விடுமுறையில் மலைக்கு ஏறி வருகிறவர்கள் அறை கிடைக்காமல் காரிலேயே தூங்குவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்த வேனை அவர்களுக்கு வாடகைக்கு விடுவது. வேன் தாழ்வானது என்பதால் கூரையை வெட்டி, மேல்மூடியைக் குடை மாதிரி தூக்கி நிறுத்த வேண்டும். அப்போது உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், மேலே இரண்டு பேர் படுக்கலாம்.

கூரை என்ற சொல்லைக் கேட்டதுமே நான் கை கழுவி வந்து உட்கார்ந்துவிட்டேன். அளவு சொல்வாள், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன்.

“யார் கண்ணு வெட்டறது?”

“முகிலன்.”

“எந்த முகிலன்?”

“நம்ம லோரி ஓட்டுறாரே, அவரு மகன். அவனும் நானும் சேந்துதான் எடுத்தோம்.”

“அந்தப் பையனுக்குக் கூரையப் பத்தி என்ன தெரியும்?”

“பையன் இல்லப்பா, இருபத்தெட்டு வயசு. அஞ்சு வேன் பண்ணிட்டான். வீடியோ பாத்தே கத்துக்கிட்டான்லா.”

சரோஜா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். “ஐயோ, மழை வரப்போவுது” என்றாள். வெளியே நல்ல வெயில்.

கவிதா அப்புறம்தான் என்னை நினைத்துக்கொண்டாள். “நீங்களும் வந்து பாருங்கப்பா. ஏதாச்சும் தப்பா இருந்தா சொல்லுங்க.”

செய்து கொடுங்கள் என்று சொல்லவில்லை. தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றாள். அந்த வேலையை நான் மிகவும் ஒழுங்காகச் செய்தேன்.

4

கியா பார்மில் காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் முகிலனின் ஷெட் இருக்கிறது. முட்டைக்கோஸ் அழுகின வாடையும் வெல்டிங் புகையும் கலந்த இடம். முதல் வெள்ளிக்கிழமை போனபோது அவன் வேனின் உள்ளே மல்லாந்து படுத்துக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள். காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு “வாங்க அங்கிள்” என்றான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. நானும் குறையைத்தான் முதலில் தேடினேன்.

கூரையில் நான்கு குறுக்கு வளைவுகள் இருந்தன. நடு இரண்டையும் வெட்டினால்தான் மூடி திறக்கும். நான் என் பாடத்தை எடுத்தேன்.

“தம்பி, தகடு வெறும் தோலுதான். அத நீ எப்படி வெட்டினாலும் கவலை இல்ல. வளைவு ரெண்ட எடுக்கறயே, அதுக்கு மட்டும் வழி பண்ணிக்கோ.”

அவன் கீழே குனிந்து வேனின் அடியைக் காட்டினான்.

“அங்கிள், பஸ்ஸுக்கு அடியில சட்டம் தனியா கெடக்கும். பாடிய கழட்டிப் போட்டாலும் ஓடும். இதுல அந்தச் சட்டம் இல்ல. தகடு, வளைவு, தரை எல்லாம் சேந்ததுதான் வண்டி. முட்ட ஓடு மாதிரி. மேல ஓட்டை போட்டா தோலு மட்டும் போவாது, மொத்தமும் தளந்துடும். அதான் தகட்டுக்கும் சேத்துக் கணக்குப் பண்றேன்.”

நான் குனிந்து பார்த்தேன். எழுந்து “ம்” என்றேன். அவன் சொன்னது சரி. பன்னிரண்டு வருடம் அடிச்சட்டத்தின்மேல் கூரை கட்டியவன் நான். அடிச்சட்டமே இல்லாத வண்டியை வாழ்க்கையில் வெட்டியதில்லை என்பது அந்த நிமிடம் வரை எனக்கே உறைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு வெட்டியிருந்தால் கதவுகள் ஆறு மாதத்தில் மூடாமல் போயிருக்கும்.

அன்று நோட்டில் எழுதினேன்: “முகிலன் வாய் ஜாஸ்தி.”

இரண்டாவது வாரம் கூரையை வெட்டினான். வெட்டுமுன் இரண்டு பக்கக் கதவு வாசல்களுக்கும் குறுக்கே தற்காலிகக் கம்பி வைத்து வெல்டு அடித்தான், வெட்டும்போது உடம்பு விரிந்துவிடாமல் இருக்க. வெட்டிய திறப்பைச் சுற்றி சதுரக் குழாயால் ஒரு முழுச் சட்டம். அதை நான்கு இடத்தில் தூண்களின் தலையோடு இறக்கிக் கட்டினான். தகட்டையும் சட்டத்தையும் இடைவெளி விடாமல் பசையால் ஒட்டி, அதற்குமேல் ரிவிட் அடித்தான். மேல்மூடியின் அலுமினியமும் கீழே இருக்கும் இரும்பும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ரப்பர் பட்டை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூலைகளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு மூலையும் வட்டமாக வெட்டியிருந்தான். பால்மாவு டின்னின் மூடியை வைத்துப் பென்சிலால் கோடு போட்ட தடம் தகட்டில் அப்படியே இருந்தது. மூலையைச் சதுரமாக வெட்டினால் அந்த முனையிலிருந்து விரிசல் கிளம்பும். அதைக் கற்றுக்கொள்ள எனக்குக் கரூரில் மூன்று வருடமும், விரிசல் விட்டுத் திரும்பி வந்த எத்தனையோ பஸ்களும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாங்கிய வசவும் வேண்டியிருந்தன. இவன் முதல் வேனிலிருந்தே வட்டமாகத்தான் வெட்டுகிறானாம். கவிதா பெருமையாகச் சொன்னாள்.

“மூலையெல்லாம் எப்படிப்பா?”

“பரவால்ல.”

“பரவால்லயா! நீங்க பரவால்லன்னு சொன்னா அது சூப்பர்னு அர்த்தம்” என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் தேநீர் குடிக்கக் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கூரை வேலை முடிவதற்குள் பதினான்கு முறை அங்கே போயிருக்கிறேன். கோஸ் வாங்க, தக்காளி வாங்க, சும்மா காலாற. சரோஜா ஒருநாள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். “இந்த வாரத்துல இது அஞ்சாவது கோஸு. ஒங்க வயித்தெரிச்சலுக்கு நாங்க எல்லாம் கோஸு திங்கணுமா?”

“எரிச்சல் என்ன இருக்கு? பாதுகாப்பு பாக்கறேன்.”

“பாருங்க பாருங்க. ஆனா ஒண்ணு. மக ஒங்க கிட்ட வராம அவன் கிட்ட போய்ட்டாளேன்னுதானே ஒங்களுக்கு? கூரையில ஒண்ணும் இல்ல.”

அவள் சொன்னதில் பாதிதான் சரி. கூரையிலும் இருந்தது. கவிதா அந்த ஷெட்டை “நம்ம பெங்கேல்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். பெங்கேல் என்றால் பட்டறை. தோட்டத்தில் நான் இருபத்து நான்கு வருடமாக நிற்கும் பட்டறை அவளுக்கு இன்றைக்கும் “அப்பாவோட பெங்கேல்”. அவர்கள் இருவரும் பேசும் பேச்சில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் ஓடும். நான் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். அவன் ஸ்பேனரை நீட்டச் சொல்லாமலே அவள் நீட்டுவாள். அவள் தலைமுடியில் இரும்புத்தூள் மின்னும். அந்தத் தூள் என் பட்டறையில் இருந்திருக்க வேண்டியது என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

5

கூரையை மாற்றினால் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்க வேண்டும். பரிசோதனை நிலையம் மலைக்குக் கீழே, இரண்டு மணி நேர ஓட்டம். ஒப்புதல் கிடைக்காவிட்டால் வேன் வெறும் இரும்பு. ஹோட்டல் வேலையை விட்டுவிட முடிவு செய்து கவிதா ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தாள். பள்ளி விடுமுறை தொடங்க ஆறு வாரம் இருந்தது.

“நீங்களும் வாங்கப்பா. முகிலன் கிட்ட சர்ட்டிபிகேட்டு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத் தோட்டத்துல குடுத்த அனுபவக் கடிதம் இருக்குல்ல? பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல நின்னா நல்லது.”

அப்படியாவது ஒரு இடம் கிடைத்ததே என்று வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நிலையத்தின் முற்றத்தில் ஒரு வரிசை முழுக்க, ஆவணம் சரியில்லை என்று பிடித்து வைத்த வண்டிகள். லோரிகளோடு பிழைக்கிற எனக்கு அந்தக் காட்சி பழக்கம். மலாயில் அதற்கு “தஹான்” என்று பெயர். “லோரிய தஹான் பண்ணிட்டான்” என்று எங்கள் டிரைவர்கள் மாதம் ஒருமுறையாவது போன் போடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம் வரும். கையில் சிவப்பு அட்டை இருக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அதிகாரி ஓர் இளம்பெண். நிதானமானவர். வேனுக்குள் ஏறி விளக்கடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். முகிலன் மலாயில் மளமளவென்று விளக்கினான். கவிதா படங்களைக் காட்டினாள். நான் வெளியே, பிடித்து வைத்த வண்டிகளின் பக்கம் பார்த்தபடி கூரையின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரி இறங்கி வந்து, என் அனுபவக் கடிதத்தைப் படித்துவிட்டு, சிரித்த முகமாகக் கேட்டார்.

“பாக்சிக், பும்போங் நி தஹான் கெ?”

பாக்சிக் என்றால் பெரியவரே. பும்போங் என்றால் கூரை. தஹான் என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. பிடித்து வைத்த வண்டியா என்று கேட்கிறார் என்று பதறி, இரண்டு கையையும் ஆட்டினேன்.

“தாக், தாக்! தாக் தஹான்!”

இல்லை, இல்லை, தஹான் இல்லை. அதிகாரியின் சிரிப்பு நின்றது. முகிலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கவிதாவின் வாய் திறந்தது, மூடவில்லை.

தஹான் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தாங்குதல். பெரியவரே, இந்தக் கூரை தாங்குமா என்று அவர் கேட்டிருக்கிறார். தாங்காது, தாங்காது என்று கையை ஆட்டி நான் சொல்லியிருக்கிறேன். என் அனுபவக் கடிதம் அவர் கையில் இருக்கும்போது.

கவிதா விழுந்து விழுந்து விளக்கினாள். அப்பாவுக்கு மலாய் சரியாக வராது என்றாள். அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆனால் அனுபவம் உள்ளவர் ஒருவர் தாங்காது என்று சொன்னதைக் கேட்டபின் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். கூரையின் அமைப்பைப் படம் வரைந்து, எந்த மூட்டு எந்த எடையை எங்கே இறக்குகிறது என்று விளக்கி, பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு மறுபடி வரச் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

6

திரும்பும்போது முகிலன் ஓட்டினான். பாதி வழியில் அவனே, “பரவால்ல அங்கிள். வார்த்த மாறிப் போச்சு. எனக்கும் ஒருவாட்டி அப்படி ஆயிருக்கு” என்றான்.

கவிதா முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

“வேணும்னே சொன்னீங்களாப்பா?”

“என்ன கண்ணு இப்படிக் கேக்கற?”

“கேக்குறேன். சொல்லுங்க.”

“எனக்குத் தஹான்னா லோரியப் புடிக்கறதுதான் தெரியும்.”

“இருபத்து நாலு வருசம்பா” என்றாள். அடுத்த நாலு நாள் வீட்டில் என்னோடு பேசவே இல்லை. அதிகாலையில் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவாள்.

நான் அவளிடம் சொன்னது உண்மை என்று நிரூபிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கற்றுக்கொண்ட மலாய்ச் சொற்களை எல்லாம் நோட்டுகளில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். தஹான் எங்கே வருகிறது, என்ன பொருள் எழுதியிருக்கிறேன் என்று எடுத்துக் காட்டிவிட்டால் போதும். சனிக்கிழமை முழுக்க அலமாரியின் முன்னால் உட்கார்ந்து புரட்டினேன். மூன்றாம் வருட நோட்டில் இருந்தது: “தஹான் – தடுத்து வைத்தல். (லோரி.)” எனக்கு மூச்சு வந்தது. அடையாளத்துக்குத் தீக்குச்சி ஒன்றை வைத்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எதையும் கடைசி வரை பார்க்கிற புத்தி விடவில்லை.

லெம்பா பெர்த்தாமில் வெள்ளத்தோடு சேறு புகுந்த ஆண்டின் நோட்டில் மறுபடியும் இருந்தது. சேறு அள்ளத் தோட்டத்து லோரியில் போயிருந்தேன். இடிந்து நின்ற ஒரு சுவரைக் காட்டி அந்த வீட்டுக்காரர் சொன்னதை என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: “தாக் தஹான் – தாங்காது. தஹான் = தாங்குதல் என்றும் பொருள். நம் ‘தாங்கு’ போலவே ஒலிக்கிறது. இனி மறக்காது.”

இனி மறக்காது. அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்கு அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது. அன்று முற்றத்தில் நின்றபோது மறந்துவிட்டேனா, இல்லை மறக்க விரும்பிய ஏதோ ஒன்று என் வாயில் முந்திக்கொண்டு பேசியதா? வெகு நேரம் யோசித்தேன். பயந்தது உண்மை. ஆனால் “தாக் தஹான்” என்று சொல்லி முடித்த அந்த நொடியில், கவிதாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், முகிலனின் முகம் வாடியதைத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு இனித்தது. இதை எந்த நோட்டிலும் நான் எழுதவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

நோட்டை மறுபடி அலமாரியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்றாலும் என் நோட்டுகளை கவிதா இதுவரை தொட்டதில்லை. “அப்பாவோட மழைப் புஸ்தகம்” என்பாள். சாயங்காலம் அவள் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, நான் போய் வாசலில் நின்றுகொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து வந்தாள். கையில் நோட்டு இல்லை.

“ஏன்ப்பா எனக்குக் காட்டுனீங்க?”

“நீ கேட்டே. நான் சொன்ன பதில் சரியில்ல.”

“அப்போ வேணும்னேதானா?”

“தெரியல கண்ணு. இல்லன்னு சொல்ல முடியல.”

அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “லெட்டர நீங்கதான் எழுதணும். அங்க உங்க பேருதான் இருக்கு” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

7

அந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. தினமும் வேலை முடிந்ததும் ஷெட்டுக்குப் போய் அளந்தேன். தூணின் தடிமன், குழாயின் சுற்றளவு, ரிவிட்டுக்கு ரிவிட் இடைவெளி. முகிலன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது நாள் ஒரு பின்மூட்டில் வெல்டு மெல்லியதாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். எவ்வளவு சந்தோஷமாக அவனைக் கூப்பிட்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவன் பார்த்தான்.

“ஆமா அங்கிள். அது நான் ஒருநாள் ராத்திரி அவசரத்துல அடிச்சது. நல்லவேள பாத்தீங்க.” உடனே அரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தான். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

படத்தைத் தாளில் வரைய வரைய அந்தக் கூரை எனக்குப் புரிந்துகொண்டே போனது. இரண்டு பேர் மேலே படுத்தால் அந்த எடை மூடியிலிருந்து திறப்பின் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து நான்கு தூணுக்கும், தூணிலிருந்து தரைக்கும் போகிறது. எந்த இடத்திலும் தகடு தனியாக மாட்டிக்கொள்ளவில்லை. வேன் உருண்டாலும் சட்டத்தோடு சேர்ந்த தூண்கள் நிற்கும். நான் கட்டியிருந்தால் இதைவிடக் கனமாகக் கட்டியிருப்பேன். கனம் மேலே ஏறினால் மலை வளைவுகளில் வண்டி சாயும். இதையும் அவன் யோசித்திருந்தான். கடிதத்தின் கடைசியில் நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை கவிதா மலாயில் எழுதினாள்: இந்தக் கூரையை நான் முழுவதும் பரிசோதித்தேன், இது தாங்கும். எழுதும்போது “தஹான்” என்று வரும் இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எழுதினாள்.

மறுபடியும் அதே நிலையம், அதே அதிகாரி. கடிதத்தையும் படத்தையும் நெடுநேரம் பார்த்தார். வண்டியில் ஏறி ஒவ்வொரு மூட்டையும் படத்தோடு ஒத்துப் பார்த்தார். இறங்கி வந்து, கையெழுத்தைச் சுட்டி, என்னைப் பார்த்து மலாயில் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. “பெரியவரே, அருமையாகக் கட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

கட்டியவன் நான் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முகிலன் சிரித்துக்கொண்டே, “ஆமாம், அங்கிள்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்” என்றான்.

பெருந்தன்மையிலும் அவன் என்னை முந்திவிட்டான். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அதிகாரியின் கண்ணில் மரியாதை இருந்தது. இந்த நாட்டின் அலுவலகம் ஒன்றில் அப்படி ஒரு பார்வை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கவிதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை என்பதால்தான் உண்மையைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

“புக்கான் சாயா” என்றேன். நான் இல்லை. முகிலனின் தோளைத் தொட்டு, “டியா. செண்டிரி” என்றேன். இவன்தான். தானாகவே. அதற்கு மேல் மலாய் வரவில்லை. கவிதாவிடம் சொன்னேன்: “நான் சொன்ன யோசனை தப்பு, அத இவன் கேக்கலன்னு சொல்லு அவங்க கிட்ட.”

“அதெல்லாம் வேணாம்ப்பா.”

“சொல்லு கண்ணு.”

சொன்னாள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். முகிலன் காது வரை சிவந்துபோய்க் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டான். ஒப்புதல் முத்திரை விழுந்தது.

திரும்பும்போது கவிதா ஓட்டினாள். முகிலன் முன்னால் அவள் பக்கத்தில். நான் பின்னால், அவன் செய்த படுக்கையின்மேல். பாதி மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை என்றால் முன்னால் போகும் லோரியின் விளக்குகூடத் தெரியாது. கூரைமேல் கொட்டுகிற சத்தத்தில் அவர்கள் இருவரும் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் மல்லாந்து படுத்துத் திறப்பின் விளிம்பை நாலு பக்கமும் பார்த்தேன். வலது முன்மூலை, இடது முன்மூலை, பின்னால் இரண்டும். விரலை வைத்து ரப்பர் பட்டையைத் தடவினேன். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு போதும் எனக்கு.

கவிதா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

“என்னப்பா தேடுறீங்க அங்க?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அங்கே ஒன்றுமே இல்லை.